மூன்று எண் நகர்ந்தால்

டெங்கு பரவும் மாதங்களில் ரத்த வங்கிக்கு அலைந்தவர்கள் அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பார்கள். கண்ணாடிக் கதவு, உள்ளே அடுக்கடுக்காய்த் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் இளமஞ்சள் திரவம் அடைத்த பைகள். தட்டுகள் இரவு பகல் பாராமல் இடமும் வலமுமாக மெல்ல அசைந்துகொண்டே இருக்கும். பைகளில் இருப்பவை பிளேட்லெட்டுகள், தமிழில் தட்டணுக்கள். பக்கத்திலேயே சிவப்பணுப் பைகள் 2 முதல் 6 டிகிரி குளிரில் ஒரு மாதத்துக்கு மேலும் கெடாமல் இருக்கும். பிளாஸ்மாவைக் கல்லாக உறையவைத்துப் பல மாதங்கள் பாதுகாக்கலாம். தட்டணுக்களை அப்படி வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரிக்குள், ஆட்டிக்கொண்டே, பொதுவாக ஐந்து நாள், அவ்வளவுதான். அந்தக் கதகதப்பில் பாக்டீரியாவும் செழிக்கும் என்பதால் நாள் கடந்த பையைக் கொட்டித்தான் ஆக வேண்டும். யாரோ ஒருவர் கையை நீட்டிக் கொடுத்த ரத்தம் அது.

குளிர்பெட்டியில் வைத்தால் என்ன? வைத்துப் பார்த்தார்கள். குளிரில் வைத்த தட்டணுக்கள் உடலுக்குள் போனதும் வெகு சீக்கிரம் மறைந்துவிடுகின்றன, அறை வெப்பநிலையில் வைத்தவையோ நாள்கணக்கில் சுற்றி வருகின்றன என்று 1969-இல் ஸ்காட் மர்ஃபி, ஃபிராங்க் கார்ட்னர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் காட்டினார்கள். குளிர் பட்ட தட்டணு தன் தட்டை வடிவத்தை இழந்து உருண்டு, முள்முள்ளாய் நீட்டிக்கொள்கிறது. காயம் பட்ட இடத்தில் எப்படி விழித்தெழுமோ, அப்படிக் காயமே இல்லாமல் விழித்துக்கொள்கிறது. ஏன் என்ற கேள்வி கால் நூற்றாண்டுக்கு மேல் நின்றது. விடையின் ஒரு பகுதி கொழுப்பில் இருந்தது. அந்தக் கொழுப்பு குளிரில் என்ன செய்கிறது என்று பார்க்க, கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளி தேவைப்பட்டது.

கொழுப்பு என்றதும் நமக்கு இடுப்புச் சதையும் ரத்தப் பரிசோதனைச் சீட்டும் நினைவுக்கு வரும். ஆனால் உடலின் ஒவ்வொரு செல்லையும் வெளியுலகிலிருந்து பிரிக்கும் சவ்வே கொழுப்புதான். 1925-இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்தெடுத்து நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். பரவிய பரப்பு, அந்தச் செல்களின் மொத்த மேற்பரப்பைப் போல இரு மடங்கு வந்தது. ஆகவே சவ்வு இரண்டு அடுக்கு என்றார்கள். அவர்கள் கொழுப்பை முழுமையாகப் பிரித்தெடுக்கவில்லை. செல்லின் மேற்பரப்பையும் குறைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று ஈடுசெய்து, விடை சரியாக அமைந்துவிட்டது. அறிவியல் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த தற்செயல்களில் இது ஒன்று.

சவ்வில் உள்ள கொழுப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, இரண்டு வால். தலையில் பாஸ்பேட் இருக்கிறது. அதற்கு நீர் வேண்டும். வால்கள் கார்பன் சங்கிலிகள், பெரும்பாலும் 16 அல்லது 18 கார்பன் நீளம். அவற்றுக்கு நீர் ஆகாது. அதனால் வால்கள் உள்ளே ஒன்றையொன்று பார்த்திருக்க, தலைகள் இருபுறமும் வெளியே நீரைப் பார்த்து நிற்கும். இந்த இரட்டை அடுக்கை ஒரு தலைமுடியின் தடிமனுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் அடுக்கலாம், அவ்வளவு மெல்லியது.

இதன் கட்டமைப்பு என்ன என்று கேட்டால், கேள்வியே சற்றுத் திரும்பிக்கொள்கிறது. ஒரு புரதத்தின் கட்டமைப்பைச் சிற்பம்போல் காட்டலாம். எந்த அணு எங்கே என்று எக்ஸ் கதிர் சொல்லிவிடும். உயிருள்ள சவ்வுக்கு அப்படி ஓர் உறைந்த உருவம் கிடையாது. அதன் மூலக்கூறுகள் நொடிக்குள் லட்சக்கணக்கான தடவை பக்கத்து மூலக்கூறுடன் இடம் மாற்றிக்கொள்கின்றன. வால்கள் நெளிந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே கொழுப்பின் கட்டமைப்பைக் கேட்பவர் வேறு விதமாகக் கேட்க வேண்டும். வால்களில் எத்தனை நேராக நிற்கின்றன, எத்தனை மடங்கிக் கிடக்கின்றன? பக்கத்துப் பக்கத்து வால்கள் எவ்வளவு நெருக்கம்? தலையருகே நீர் எதுவரை நுழைந்திருக்கிறது? கொழுப்புக்கு வடிவம் என்பது அதன் ஒழுங்கின் அளவுதான்.

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பார்த்த யாருக்கும் இது புதிதல்ல. 24 டிகிரியை ஒட்டி அது வெள்ளையாய் இறுகுகிறது. இறுகும்போது சங்கிலிகள் ரம்பப் பல் போன்ற நேர் வரிசைக்கு வந்து ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காகின்றன. வெயில் பட்டதும் சங்கிலியில் அங்கங்கே ஒரு பிணைப்பு முறுக்கிக்கொள்ள, கோணல் விழுகிறது, கோணல் சங்கிலிகள் நெருங்கி அடுக்காக மாட்டா, எண்ணெய் இளகுகிறது. சவ்விலும் நடப்பது இதுவே, நீருக்குள், இரண்டே அடுக்கில். டைபால்மிட்டாயில் பாஸ்படிடைல்கோலின் என்ற கொழுப்பை எடுத்துக்கொள்வோம். நம் நுரையீரலின் காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் பூச்சில் பெரும்பங்கு இதுதான். இதன் சவ்வு 41 டிகிரியில் இளகுகிறது. அதே தலை, ஆனால் ஒவ்வொரு வாலிலும் ஓர் இரட்டைப் பிணைப்புள்ள ஓலிக் அமிலத்தைப் பொருத்தினால், பூஜ்ஜியத்துக்குக் கீழே 17 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். இரட்டைப் பிணைப்பு வாலில் நிரந்தரக் கோணல் போட்டுவிடுகிறது.

சரி, இந்த இளக்கத்தை எப்படி அளப்பது? புட்டியில் என்றால் கண்ணால் பார்க்கலாம். ஒரு தட்டணுவின் சவ்வில்?

1800-இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் வண்ணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு வண்ணத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கும் அப்பால், வெளிச்சமே விழாத இடத்தில் வெப்பமானி இன்னும் ஏறியது. அதுதான் அகச்சிவப்பு. ஒரு நூற்றாண்டு கழித்து அமெரிக்காவின் வில்லியம் கோப்லென்ட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட சேர்மங்களின் வழியே அந்தக் கதிரைச் செலுத்தி, எவ்வளவு கடந்து வருகிறது, எவ்வளவு விழுங்கப்படுகிறது என்று புள்ளி புள்ளியாகக் கையால் குறித்து 1905-இல் வெளியிட்டார். பொறுமையின் உச்சம் அந்த வேலை. அதிலிருந்து ஓர் உண்மை எழுந்தது. ஒரு குறிப்பிட்ட அணுக்கூட்டம், எந்த மூலக்கூறில் உட்கார்ந்திருந்தாலும், ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் அகச்சிவப்பை விழுங்குகிறது.

காரணம் எளிது. இரண்டு அணுக்களுக்கு இடையிலான பிணைப்பு ஒரு சுருள்வில். அது ஓயாமல் அதிர்கிறது. அதன் அதிர்வோடு ஒத்துப்போகும் கதிர் வந்தால் அதை உறிஞ்சிக்கொண்டு இன்னும் பெரிய வீச்சில் ஆடுகிறது. லேசான அணு விரைவாக ஆடும், கனத்த அணு மெதுவாக ஆடும். வலுவான வில் விரைவாக, தளர்ந்த வில் மெதுவாக. தம்புராவின் நான்கு தந்திகளை நினைத்துக்கொண்டால் போதும். இந்த அதிர்வை வேதியியலார் ஒரு வசதியான எண்ணால் சொல்கிறார்கள்: ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்குள் அந்தக் கதிரின் எத்தனை அலைகள் அடங்கும் என்பது. அலை எண் என்று பெயர். இனி இந்த அத்தியாயத்தில் வெறும் எண்ணாக வருவதெல்லாம் அதுதான்.

கொழுப்பின் வாலில் ஒவ்வொரு கார்பனிலும் இரண்டு ஹைட்ரஜன்கள் தொங்குகின்றன. அவை இரண்டும் ஒரே நேரத்தில் வெளியே நீண்டு உள்ளே சுருங்கும் அதிர்வின் எண் 2850. நொடிக்கு ஏறக்குறைய 85 லட்சம் கோடி தடவை. வால் முழுக்க நேராக நிற்கும்போது சங்கிலி நெடுகிலும் இந்த அதிர்வுகள் ஒன்றோடொன்று இசைந்து ஒரே தாளத்தில் நடக்கின்றன. கோணல் விழுந்தால் அந்த இசைவு அங்கே அறுகிறது. அறுபட்ட சங்கிலியின் அதிர்வு சற்றே உயர்கிறது. எவ்வளவு? 2850 என்பது 2853 ஆகிறது. அதோடு சரி. நேரான வாலுக்கும் நெளிந்த வாலுக்கும் இடையே, உறைந்த சவ்வுக்கும் உயிரோட்டமுள்ள சவ்வுக்கும் இடையே, இவ்வளவுதான் தூரம். ஆயிரத்தில் ஒரு பங்கு. சுருதியில் இவ்வளவு நுண்ணிய விலகலை எந்த நாதஸ்வர வித்துவானின் காதும் பிடிக்காது.

இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. நிறமாலைத் தாளில் 2850 என்பது ஊசிக்கோடாக விழுவதில்லை. பத்துப் பதினைந்து எண் அகலத்துக்கு ஒரு குன்றாக எழுகிறது. பதினைந்து எண் அகலக் குன்று மூன்று எண் நகர்ந்ததை எப்படி நம்பிச் சொல்வது? களத்து மேட்டில் குவித்த நெல்லை நினைத்துப் பாருங்கள். குவியல் பத்தடி அகலம் இருக்கலாம். ஆனாலும் அதன் நடுவுச்சி எங்கே என்று விரல்கடை சுத்தமாகக் குறிக்க முடியும். குன்றின் அகலம் ஒன்று, அதன் நடுவைக் குறிக்கும் துல்லியம் வேறொன்று. கருவி மட்டும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் அளவுகோலை வைக்க வேண்டும்.

பழைய கருவிகளால் அது முடியவில்லை. அவை முப்பட்டகமோ கீறல் தகடோ வைத்து ஓர் அலை எண்ணிலிருந்து அடுத்ததற்கு ஊர்ந்து போகும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கொஞ்சம் வழுக்கும். 1960-களின் இறுதியில் சந்தைக்கு வந்த புதிய கருவி வேறு வழியில் போனது. ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை அசையும் கண்ணாடியில் பட்டுத் திரும்பச் செய்து, மீண்டும் இரண்டையும் மோதவிட்டு, எல்லா அலை எண்களையும் ஒரே நேரத்தில் பதிவு செய்கிறது. மைக்கேல்சன் 19-ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய குறுக்கீட்டுமானிதான் இதன் இதயம். பதிவானது வெறும் ஏற்ற இறக்கக் குழப்பமாய்த் தெரியும். அதிலிருந்து நிறமாலையைப் பிரித்தெடுப்பது ஃபூரியே கணிதம். 1965-இல் கூலியும் டூக்கியும் அந்தக் கணக்கைக் கணினியில் விரைவாகப் போடும் வழியை வெளியிட்ட பிறகுதான் இது கைக்கு வந்தது. கண்ணாடி நகரும் தூரத்தைக் கருவிக்குள்ளிருக்கும் லேசர் அளக்கிறது என்பதால் அலை எண் வழுக்குவதில்லை. எண்ணில் பத்தில் ஒரு பங்கு நகர்வைக்கூடத் தைரியமாகச் சொல்ல முடிந்தது.

கொழுப்பு ஆராய்ச்சிக்கு இந்தக் கருவியை ஊன்றி நிறுத்தியவர்களில் கனடாவின் ஒட்டாவாவில், தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் இயங்கிய ஹென்றி மான்ச் குழு முதன்மையானது. ஒரு துளி சவ்வு, இரண்டு கால்சியம் ஃபுளோரைடு தகடுகளுக்கு நடுவில்; சாதாரணக் கண்ணாடி அகச்சிவப்பை விழுங்கிவிடும், உப்புத் தகடு நீரில் கரைந்துவிடும். வெப்பநிலையை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் 2850 குன்றின் நடுவைக் குறித்துக்கொண்டே போனால், கோடு கொஞ்ச தூரம் தரையோடு போய், ஓரிடத்தில் சட்டென்று படியேறி, மேலே மறுபடி சமமாகிறது. அந்தப் படியில்தான் சவ்வு இளகுகிறது. இந்த அளவீட்டில் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, சவ்வுக்குள் வேற்றுப் பொருள் எதையும் நுழைக்க வேண்டியதில்லை என்பதே. மற்ற முறைகள் பலவற்றில் ஒளிரும் மூலக்கூறையோ வேறொரு வேவுகாரனையோ கொழுப்புக்குள் செருகுவார்கள். செருகிய மூலக்கூறே அக்கம்பக்கத்தைக் கலைத்துவிடும். இங்கே கொழுப்பு தன் சொந்தப் பிணைப்புகளாலேயே பேசுகிறது. அதிர்வு அவ்வளவு வேகமானது என்பதால், சுழலும் மின்விசிறியின் ஒவ்வொரு இறக்கையும் தனித்துத் தெரியும்படி எடுத்த புகைப்படம்போல, நெளியும் வால் அந்தக் கணத்தில் இருந்த நிலையே பதிவாகிறது.

நீர்தான் பெரும் தொல்லை. செல்லில் முக்கால்வாசி நீர். நீரும் அகச்சிவப்பை அடங்காப் பசியோடு விழுங்கும். 3400-ஐச் சுற்றி ஒரு மலை, 1640-இல் இன்னொரு மலை. அதனால் மாதிரியை ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்குத் தடிமனுக்குள் அடக்க வேண்டும். கொழுப்பின் நல்ல காலம், 2850 இரண்டு மலைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தாக்கில் விழுகிறது. இந்த இடத்தில் சி.வி. ராமனை நினைக்காமல் தாண்ட முடியாது. திருச்சியில் பிறந்து 1928-இல் கொல்கத்தாவில் அவர் கண்ட ஒளிச்சிதறல் முறையும் இதே அதிர்வுகளைத்தான் படிக்கிறது. ஆனால் அதற்கு நீர் பெரிய தடையல்ல. அகச்சிவப்பில் மங்கலாகத் தெரியும் கார்பன் இரட்டைப் பிணைப்பின் நீட்சி அதிர்வு ராமன் முறையில் பளிச்சென்று தெரியும். ஒன்று விட்டதை மற்றது பிடிக்கும். கொழுப்பு ஆய்வுக்கூடங்களில் இரண்டும் வேண்டும்.

இனித் தட்டணுவுக்குத் திரும்பலாம். 1990-களில் டேவிஸ் நகரின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஃபெர்ன் டாப்ளின், ஜான் குரோவ், லோயிஸ் குரோவ் ஆகியோர் முழுத் தட்டணுக்களை அப்படியே அகச்சிவப்புக் கதிரில் வைத்து மெல்லக் குளிரவைத்தார்கள். உடல் வெப்பநிலையில் குன்று மேலே, இளகிய சவ்வுக்கான இடத்தில் இருந்தது. 22 டிகிரியிலும் பெரிய மாற்றமில்லை. அதற்குக் கீழே, 15 முதல் 18 டிகிரிக்குள், குன்று படியிறங்கியது. வால்கள் நிமிர்ந்து நெருங்கத் தொடங்கின. தட்டணு வடிவம் மாறத் தொடங்குவதும் அதே வெப்பநிலை வட்டாரத்தில்தான். 1996-இல் வெளியான அந்தத் தாளைப் படித்தபோது, ரத்த வங்கிப் பெட்டியின் முகப்பில் ஒளிரும் 22 என்ற எண் எனக்கு வேறொன்றாகத் தெரிந்தது. அது கொழுப்பின் இளகுநிலைக்குச் சில டிகிரி மேலே போட்ட ஒரு வேலி.

ஆனால் முழு விடை இது மட்டுமே என்று எழுதினால் தவறாகும். குளிரில் தட்டணுவின் மேற்பரப்புச் சர்க்கரைப் புரதங்கள் ஓரிடத்தில் திரள்வதும், அதைக் கண்டு கல்லீரலின் விழுங்கு செல்கள் அவற்றைப் பிடித்து அகற்றுவதும் 2003-இல் தெளிவாயிற்று. சவ்வு இறுகுவதற்கும் புரதம் திரள்வதற்கும் உள்ள உறவு இன்னும் ஆராயப்படும் விஷயம்.

உயிருள்ள செல்லை அப்படியே வைத்து அளப்பதன் மதிப்பை அதற்கு முன்பே ஒட்டாவா குழு உணர்த்தியிருந்தது. அக்கோலிபிளாஸ்மா என்ற நுண்ணுயிருக்குச் செல்சுவர் கிடையாது, சவ்வு மட்டும்தான். ஊட்டும் கொழுப்பு அமிலத்தை அப்படியே சவ்வில் சேர்த்துக்கொள்ளும். ஹைட்ரஜனுக்குப் பதில் இரு மடங்கு கனமான டியூட்டீரியம் பொருத்திய கொழுப்பு அமிலத்தை அதற்கு ஊட்டினார்கள். அணு கனத்ததும் அதிர்வு தாழ்ந்து, 2900-ஐ ஒட்டி இருந்தது 2100 பக்கம் இறங்கியது. அந்தப் பகுதியில் புரதத்தின் ஓசை ஏதுமில்லை, நீரின் சலசலப்பும் சொற்பம். கொழுப்பின் குரல் தனியாகக் கேட்டது. உயிருள்ள செல்லை அளந்தார்கள். அதே செல்லிலிருந்து பிரித்தெடுத்த சவ்வையும் அளந்தார்கள். ஒரே கொழுப்பு, ஒரே வெப்பநிலை. ஆனால் பிரித்தெடுத்த சவ்வில் இறுகிய பகுதி அதிகம். உயிருள்ள செல்லில் வெகு குறைவு. 1983-இல் வெளியான இந்த முடிவு என்னை இன்றும் நிற்கவைக்கிறது. உயிர் தன் சவ்வை இளக்கி வைத்திருக்கிறது. அதைச் செல்லிலிருந்து பிரித்தெடுத்த கணமே அந்த இளக்கத்தில் ஒரு பங்கு போய்விடுகிறது.

எல்லாச் சவ்வும் இளகியே இருக்க வேண்டும் என்பதில்லை. நம் தோலின் மேலடுக்குக்கு நேர்மாறான வேலை. மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குத் தடிமன்தான். அதுதான் உடலின் நீர் ஆவியாகிப் போகாமல் காக்கிறது. இறந்த செல்களுக்கு நடுவே சாந்துபோல் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலம் மூன்றும் ஏறக்குறைய சம அளவில் நிரம்பியிருக்கின்றன. இங்கே வால்கள் நேராக நிற்பதோடு நிற்கவில்லை. எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதும் உயிர்ப் பிரச்சினை. இதைப் படிக்க 1470-ஐ ஒட்டிய வேறொரு குன்று உதவுகிறது. ஒரு கார்பனின் இரண்டு ஹைட்ரஜன்களும் கத்தரிக்கோல்போல் விரிந்து மூடும் அதிர்வு அது. வால்கள் தம் அச்சில் சுழலும் அளவுக்கு இடம்விட்டு, தேன்கூட்டு ஒழுங்கில் நின்றால் 1468-இல் ஒரே குன்று. சுழலவும் இடமின்றி, அடுத்தடுத்த வால்கள் ஒன்றுக்கொன்று குறுக்காகத் திரும்பி இறுகப் பொருந்தினால், பக்கத்து வாலின் அதிர்வு இதன் அதிர்வைத் தொட்டுவிடும்; ஒரு குன்று 1473, 1463 என்று இரண்டாகப் பிளக்கும். ஒரு மூலக்கூறின் எல்லைக்குள் நடக்கும் அதிர்வு, தன் அண்டை வீட்டுக்காரர் எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்லிவிடுகிறது.

நல்ல தோலில் இந்தப் பிளவு தெளிவாகத் தெரியும். சூடாக்கினால் 40 டிகிரியை ஒட்டி மறையத் தொடங்குகிறது. இதை அளக்கத் தோலை வெட்டி எடுக்க வேண்டியதில்லை. கதிரை ஒரு படிகத்தின் உட்புறமாகவே பட்டுத் திரும்பச் செய்தால், திரும்பும் இடத்தில் அது படிகத்துக்கு வெளியே ஒன்றிரண்டு மைக்ரான் ஆழம் எட்டிப் பார்த்துவிட்டு வரும். முன்கையைப் படிகத்தின் மேல் அழுத்தி வைத்தால் போதும். பிறகு ஒட்டும் டேப்பை ஒட்டி உரித்து, ஓரடுக்குக் கீழே மறுபடி அளக்கலாம். லைடனில் யோக்கே பவ்ஸ்ட்ராவின் குழு இப்படி ஒவ்வாமைக் கரப்பான் உள்ளவர்களின் தோலைப் பார்த்தபோது, நெருங்கிய அடுக்கு குறைந்து தேன்கூட்டு ஒழுங்கு கூடியிருந்தது. செராமைடு வால்களும் வழக்கத்தைவிடக் குட்டையாக இருந்தன. குட்டை வால், தளர்ந்த அடுக்கு, கசியும் நீர் என்று மூன்றும் சேர்ந்தே போயின. சொறிந்து சொறிந்து இரவெல்லாம் விழித்திருக்கும் குழந்தையின் தோலில் உண்மையாகவே ஒரு சுவர் விரிசல் விட்டிருக்கிறது. அதைக் காட்டும் ஆதாரத்தை நான் சாதாரணமாக எண்ணவில்லை.

வாலின் இன்னொரு விவரத்தை அரசுச் சட்டங்கள்கூடப் பயன்படுத்துகின்றன. இரட்டைப் பிணைப்பில் சங்கிலி ஒரே பக்கம் மடங்கினால் சிஸ், எதிர்ப்பக்கம் நீண்டால் டிரான்ஸ். அணுக்கள் அதே எண்ணிக்கை. ஆனால் சிஸ் வடிவ ஓலிக் அமிலம் 13 டிகிரியை ஒட்டி உருகும். அதன் டிரான்ஸ் இரட்டையான எலைடிக் அமிலம் 43 டிகிரி தாண்டியே உருகும். வனஸ்பதி கட்டியாக இருந்ததில் இந்த டிரான்ஸ் கொழுப்புக்கும் பங்குண்டு. டிரான்ஸ் இருந்தால் நிறமாலையில் 966-இல் ஒரு குன்று எழும். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் உணவு எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது; அதைக் கண்டறியும் அறியப்பட்ட வழிகளில் இந்தக் குன்றை அளப்பதும் ஒன்று.

இதுவரை வாலைப் பற்றியே பேசினோம். வாலும் தலையும் சேரும் இடத்தில் கார்பனும் ஆக்சிஜனும் இரட்டைப் பிணைப்பால் இணைந்த ஒரு கூட்டம் உண்டு, வாலுக்கு ஒன்றாக. 1735-ஐ ஒட்டிய குன்று அதனுடையது. கூர்ந்து பார்த்தால் அது ஒன்றல்ல, 1742, 1728 என்று இரண்டு. மூலக்கூறில் இரண்டு வால், குன்றும் இரண்டு. ஆகவே வாலுக்கு ஒரு குன்று என்று சில ஆண்டுகள் நம்பினார்கள். அழகான விளக்கம், ஆனால் தவறு. 1988-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் புளூமே குழுவினர் ஒரே ஒரு வாலின் கார்பனை மட்டும் சற்றுக் கனமான கார்பன்-13 ஆக மாற்றினார்கள். அந்த வாலின் அதிர்வு தனியே 40 எண் கீழே நகர்ந்துவிட்டது. பழைய விளக்கம் சரியென்றால் அங்கே ஒற்றைக் குன்றுதான் இருக்க வேண்டும். அங்கேயும் இரண்டு இருந்தன. அப்படியானால் பிளவுக்குக் காரணம் வால் அல்ல, நீர். நீர் மூலக்கூறு வந்து பற்றிக்கொண்ட ஆக்சிஜன் மெதுவாக ஆடுகிறது, பற்றாதது விரைவாக ஆடுகிறது. அன்று முதல் இந்த இரட்டைக் குன்று, சவ்வின் வாசல்வரை நீர் எவ்வளவு வந்திருக்கிறது என்று காட்டும் அளவுகோலாயிற்று.

ஒரு குன்றை இரண்டாக, மூன்றாகப் பிரித்துக் காட்டக் கணினி எப்போதும் தயாராக இருக்கிறது. கேட்டால் ஏழாகக்கூடப் பிரித்துத் தரும். அதனால்தான் புளூமேயின் சோதனையை இவ்வளவு விரித்துச் சொன்னேன். ஐசோடோப்பை மாற்றி, குன்று எதிர்பார்த்த இடத்துக்கு நகர்கிறதா என்று பார்க்காமல், வளைகோட்டுப் பொருத்தத்தை மட்டும் நம்பி எழுதிய தாள்கள் நிறைய உண்டு. அவற்றை எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். இந்த ஒளி கோடிக்கணக்கான மூலக்கூறுகளின் சராசரியைச் சொல்கிறது. எந்தக் கொழுப்பு, எந்த மூலையில் என்று சொல்லாது. உயிருள்ள செல்லில் புரதங்களும் 2900 பக்கத்தில் குரல் கலக்கும்.

தலையிலுள்ள பாஸ்பேட்டின் எண் நீரைக் கண்டதும் இறங்குகிறது: காய்ந்த நிலையில் 1250-ஐத் தாண்டி, நனைந்தால் 1230-க்குக் கீழே. இந்த இறக்கம் குரோவ் தம்பதியரை நெடுங்காலம் ஈர்த்த ஒரு புதிரோடு இணைந்தது. சில உயிர்கள் முற்றிலும் காய்ந்து, ஆண்டுக்கணக்கில் தூசிபோல் கிடந்து, ஒரு துளி நீர் பட்டதும் எழுந்து நடமாடுகின்றன. சில வகைப் புழுக்கள், உப்பளக் குட்டி இறாலின் முட்டைகள், ரொட்டிக்கடை ஈஸ்ட் எல்லாம் அப்படித்தான். சாதாரணச் சவ்வு காய்ந்தால் தலைகளுக்கு நடுவிலிருந்த நீர் வெளியேறி, வால்கள் நெருங்கி, இளகுநிலை எகிறிவிடும். நனைந்த நிலையில் பூஜ்ஜியத்துக்குக் கீழேயே இளகும் கொழுப்பு, காய்ந்ததும் 60 டிகிரியை நெருங்கினால்தான் இளகும். பிறகு நீர் பட்டால், இறுகிய நிலையிலிருந்து இளகிய நிலைக்குத் தாண்டும் அந்த நேரத்தில் சவ்வு கசிந்து, உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டிவிடும். நீர்நிலைக் கரையில் வளரும் சம்புப் புல்லின் மகரந்தத்தில் இதை முழுத் தூளாகவே வைத்து அகச்சிவப்பில் அளந்து 1989-இல் காட்டினார்கள். காய்ந்த மகரந்தத்தைக் குளிர்ந்த நீரில் போட்டால் சாகும். முதலில் ஈரக்காற்று படவைத்தோ சூடேற்றியோ சவ்வை இளக்கிவிட்டுப் போட்டால் பிழைக்கும்.

காய்ந்தும் சாகாத உயிர்கள் பல தமக்குள் டிரெஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து வைக்கின்றன. அந்தச் சர்க்கரையோடு கொழுப்பைக் காயவைத்து நிறமாலை எடுத்தபோது, துளி நீரும் இல்லாத சவ்வில் பாஸ்பேட்டின் எண் நனைந்த சவ்வைப் போலவே கீழே இறங்கி நின்றது. சர்க்கரை நீரின் இருக்கையில் போய் உட்கார்ந்து, தலைகளை விலக்கிப் பிடித்திருந்தது. வால்களின் இளகுநிலையும் ஏறவில்லை.

இதே குழுதான் தட்டணுவையும் கையில் எடுத்தது. மனிதச் செல்லில் டிரெஹலோஸ் கிடையாது. சவ்வைத் தாண்டி உள்ளே போகவும் அதற்கு வழியில்லை. ஆனால் 37 டிகிரியில், சர்க்கரைக் கரைசலில் சில மணி நேரம் வைத்தால் தட்டணு தன் சவ்வையே குழித்து, கரைசலை மடக்கி மடக்கி விழுங்கிக்கொள்கிறது. அப்படிச் சர்க்கரை ஊட்டிய தட்டணுக்களை உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்திப் பொடியாக்கினார்கள். 2001-இல் வெளியான அந்த ஆய்வில் பொடியில் நீர் சேர்த்தபோது பெரும்பகுதி தட்டணுக்கள் முழுதாய்த் திரும்பின. உறைதலைத் தூண்டும் பொருளைக் கண்டதும் கட்டிக்கொள்ளவும் செய்தன. அவற்றை மறுபடி அகச்சிவப்புக் கதிரில் வைத்துப் பார்த்தபோது, சவ்வின் கொழுப்பு புத்தம்புதுத் தட்டணுவின் கொழுப்பைப் போலவே இளகியும் இறுகியும் நடந்துகொண்டது.